பெண்டாட்டிக்கு வீடு காட்டிய தரகர்

தரகருக்கு வாய் கொஞ்சம் நீளம். குறையாகச் சொல்லவில்லை, வீடு விற்கிற தொழிலில் வாய்தான் முதல். ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்தைத் தாண்டி, வரிசை வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன வீடுகள்தான் அவருடைய ராஜ்ஜியம். பெரிய பணக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர்கள்தான் வருவார்கள். அவர்களிடம் அவர் பேசும் பாஷையே தனி. 'நல்ல காற்றோட்டம்' என்றால் ஜன்னல் மூடாது. 'பள்ளிக்கூடம் பக்கத்திலேயே' என்றால் காலை மணி உங்கள் காதுக்குள் அடிக்கும். 'அக்கம்பக்கம் தங்கமான மனிதர்கள்' என்றால் நீங்கள் சமையலறையில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து விசாரிப்பார்கள்.

இத்தனை பேரைக் குடி வைத்தவருக்குச் சொந்த வீடு கிடையாது. மனைவி, மகளோடு ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். கீழே வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் மேலே இவர் வீட்டு டம்ளர்கள் நடுங்கும். வீடு பார்க்க வருகிறவர்களிடம் இதைப் பற்றி அவர் மூச்சு விடுவதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சரம்மாவின் வீடு விற்பனைக்கு வந்தது. விளையாட்டுத் திடலை ஒட்டிய தெருவில் கடைசி வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டு மகனோடு போய் இருக்கிறார். விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் போன தரகர் பின்பக்க அறையில் நின்று ஜன்னலைத் திறந்தார். வெளியே ஊஞ்சலில் ஒரு சிறுமி ஆடிக்கொண்டிருந்தாள். ஊஞ்சல் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் சிரிப்பு அறைக்குள் வந்துவிட்டுப் போயிற்று. தரகர் போனைப் பையில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் மகள் அந்த ஜன்னலோரம் மேசை போட்டு வீட்டுப்பாடம் எழுதுவதாக ஒரு நினைப்பு வந்தது. அந்த வீடு அவருக்கு வேண்டும். டீச்சரம்மா சொன்ன விலையில் பேரம் பேசக்கூட மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் பண்ணியதெல்லாம் அக்கிரமம். வீடு பார்க்க வந்த ஒரு தம்பதியிடம் கரையான் என்றார். இன்னொருவரிடம், திடலில் விடிய விடியப் பந்து விளையாடுவார்கள், தலைவலி மாத்திரையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். டீச்சரம்மா என்ன, விவரம் தெரியாதவரா?

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா எதுத்த வீட்டுப் பல் டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்கே குடுத்துடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வங்கியில் இரண்டு பேர் பேரிலும் கடன் கேட்டால்தான் கிடைக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவியின் சம்பளம்தான் அந்தக் குடும்பத்தில் மாதாமாதம் தவறாமல் வருவது. ஆகவே அவள் சரி என்று சொல்ல வேண்டும். தரகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு வீடு வந்திருக்கும்மா. திடலுக்குப் பக்கத்துல. அருமையான வெளிச்சம்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "வெளிச்சம்னா? கூரைல ஓட்டையா?"

"ஐயோ, நெஜமாவே வெளிச்சம்."

"தெரு எப்படி?"

"ரொம்ப அமைதி."

"அப்ப பஸ் வராது."

கல்யாணமான நாளிலிருந்து அவர் போனில் அளப்பதைக் கேட்டுக்கொண்டே சமைத்தவள், துவைத்தவள், பிள்ளை வளர்த்தவள். அவருடைய பாஷை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தரகர் வேறு வழி தெரியாமல், தொழிலுக்கு வந்த நாளாகச் செய்யாத ஒரு காரியத்தில் இறங்கினார். உண்மையைச் சொன்னார்.

"சரி, கேளு. குளியலறைக் கதவு தண்ணி பட்டு உப்பிப்போச்சு, தோளால இடிச்சாத்தான் தொறக்கும். சமையலறைல நீ நின்னா நான் வெளியதான் நிக்கணும். பின்சுவத்துல ஈரம் இருக்கு. போதுமா?"

மனைவி மடிப்பதை நிறுத்தினாள். தரகருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"சின்னக் குறைய நாமளே சொல்லிட்டா, பெரிய குறையப் பத்திக் கேக்கவே மாட்டாங்கன்னு போன மாசம் யாருக்கோ போன்ல பாடம் எடுத்தீங்களே" என்றாள். "இதுல அந்தப் பெரிய குறை என்ன?"

"பெரிய குறையே இல்லம்மா!"

"அப்ப அது ரொம்பவே பெருசு" என்று சொல்லிவிட்டுத் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தரகர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பொய் சொன்னாலும் நம்பவில்லை, உண்மை சொன்னாலும் நம்பவில்லை. மனுஷன் வேறு எதைத்தான் சொல்வது? மகள் மேல் சத்தியம் செய்யலாமா என்று யோசித்தார். அதையும் ஒரு கார் ஷெட் விஷயத்தில் ஏற்கெனவே செலவழித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. கூப்பிட்டது இன்னொரு தரகன். மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான் என்பதால் அவனுக்குக் கூலிங்கிளாஸ் என்றே பெயர்.

"அண்ணே, டீச்சரம்மா வீட்டுக்கு ஒரு பார்ட்டி புடிச்சுட்டேன். சாவி உங்ககிட்டதான? தொறந்து விடுங்க, கமிஷன் பாதிப் பாதி."

சாவி இல்லை என்றால் அவன் நேராக டீச்சரம்மாவிடமே போய் நிற்பான். தரகர் கரையான், பந்து, தேவைப்பட்டால் ஒரு பேய் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கூலிங்கிளாஸ் வந்தான். அவன் பின்னால் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்தது அவர் மனைவி.

"வணக்கம் சார்" என்றாள், முன்பின் பார்த்தே அறியாதவள் மாதிரி.

பேய், கரையான் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டன. கூலிங்கிளாஸ் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் கிசுகிசுத்தான். "நீங்க வாயே தொறக்காதீங்கண்ணே, நான் பாத்துக்கறேன். அந்தம்மா படு விவரம். புருஷன் வாயத் தொறந்தாலே புளுகாம், அதான் என்கிட்ட வந்திருக்கு. பாவம், எந்த உருப்படாதவன்கிட்டயோ மாட்டிக்கிச்சு."

தரகர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சமையலறையப் பாருங்கம்மா, கச்சிதம்! நின்ன எடத்துலயே எல்லாம் கைக்கு எட்டும்" என்று ஆரம்பித்தான் கூலிங்கிளாஸ். வேப்பெண்ணெய் குடித்தவர் போலத் தரகர் முகம் கோணியது. "குளியலறைக் கதவு பாருங்க, கெட்டி! ஆளு வச்சாக்கூட அசைக்க முடியாது." தரகர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பின்சுவரின் ஈரத்தைக் காட்டி, "கோடைல சும்மா ஜில்லுனு இருக்கும்" என்று அவன் சொன்னபோது, தொழில் செய்கிற எவனுக்கும் ஒரு வெட்கம் வேண்டாமா என்று தரகருக்கே தோன்றியது. போன வருஷம் அதே வார்த்தையைச் சொல்லி ஒரு வீட்டைத் தள்ளிவிட்டவர் அவர்தான்.

கடைசியாகப் பின்பக்க அறை. "இது பிள்ளைங்க ரூமும்மா. இங்க உக்காந்தே ஊஞ்சலப் பாக்கலாம்" என்றான், அதே குரலில். கூடவே, "இன்னிக்கே முடிவு சொல்லிடுங்க, எதுத்த வீட்டுப் பல் டாக்டர் துண்டு போட்டு வச்சிருக்காரு" என்றும் சேர்த்துக்கொண்டான். தரகர்கள் எல்லோரும் எப்போதும் விடுகிற சரடு அது. நிஜமாக இருந்தது அன்று ஒரு நாள்தான்.

மனைவி ஜன்னலை ஒரு தரம் மூடித் திறந்து பார்த்தாள். பிறகு, "எனக்கு வீடு புடிச்சிருக்கு" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்! ஆனா உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்கம்மா. நாளைக்கு அந்தாளு வந்து கலாட்டா பண்ணக் கூடாது பாருங்க."

"அந்தாளு இங்கதான் நிக்கிறாரு."

கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். அவனுக்கும் கண் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. "அப்ப... கமிஷன்?" என்றான் ஈனக் குரலில்.

"உங்க பாதி உங்களுக்கு உண்டு. நல்லா உழைச்சீங்க."

தரகருக்கு அழாத குறை. "நான் அத்தன தடவ சொன்னேன், நம்பல. இவன் சொன்னா நம்பிடுவியா?"

"இவரு சொன்னத யாரு நம்புனா? இவரு ஒண்ணொண்ணா அளக்க அளக்க, நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். சமையலறைல கோணுச்சு. குளியலறைல கண்ண மூடிக்கிட்டீங்க. பல் டாக்டருன்னதும் ரத்தமே வத்திப்போச்சு." அவள் குரல் தணிந்தது. "இந்த ரூமுக்குள்ள வந்ததும், நம்ம பொண்ணு பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னீங்களே, அதே மூஞ்சி."

ஊருக்கே பேசுகிற தரகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மனைவி கூரையை அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மழை பெஞ்சா இது ஒழுகுமா?"

தரகர் ஆவலாக மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க" என்றாள் அவள். "இப்படி ஜன்னல் பக்கம், வெளிச்சத்துல வந்து நில்லுங்க."