பத்துக்குப் பத்து

காலை பத்தேகாலுக்குத் தையல்காரர் தேநீர்க் கோப்பையோடு மனைவியின் அறைக்குள் நுழைந்தார். மேசையை அடைந்தபோது தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. அறை பத்துக்குப் பத்து. வழியில் அவர் எங்கும் நிற்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பியபோது கதவு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அவர் முன்னறையில் இருந்த கடைக்கு வந்து சேர்ந்தபோது, சட்டை வாங்க வந்தவர் காத்திருந்து அலுத்துப்போயிருந்தார். "டீ குடுக்கப் போனீங்களா, டீ பறிக்கப் போனீங்களா?" என்று கேட்டார்.

அவர் மனைவி நாவல் எழுதுபவர். எழுத்து கூடிவரும் நாளில் கதவுக்கும் மேசைக்கும் நடுவே தரை நீண்டுகொண்டு போகும். கூடாத நாளில் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் அவள் மேசையைத் துடைப்பாள், பேனாவைக் கழுவுவாள், கட்டி முடித்த மின்கட்டண ரசீதை இன்னொரு முறை படிப்பாள். நாற்காலியைச் சற்று நகர்த்தினால் முழங்கை கதவில் இடிக்கும். அன்று வீட்டில் எல்லோருக்கும் திட்டு விழும். மாலையில் பேனாவை மூடியதும் அறை பழைய அளவுக்கு வந்துவிடும். தரை நீளும்போது எங்கே போகிறாள் என்று ஒருமுறை அவர் கேட்டார். "நான் எங்கயும் போகல. மத்ததெல்லாம்தான் கொஞ்சம் தள்ளி நிக்குது" என்றாள். மத்ததெல்லாம் என்பதில் தானும் அடக்கம் என்பது அவருக்குப் புரிந்தது. அவர் வருத்தப்படவில்லை. சட்டை வெட்டும்போது அவருக்கும் கத்தரியைத் தவிர எதுவும் தெரியாது.

ஒருநாள் நடுவழியில் இரண்டு பக்கச் சுவரும் மறைந்துவிட்டன. மறுநாளிலிருந்து நூல்கண்டின் முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு, நூலை விட்டுக்கொண்டே நடந்தார். அறை நீள்வதைக் கேள்விப்பட்டு, வாடகையை ஏற்றலாம் என்று வீட்டுக்காரர் அளவுநாடாவோடு வந்தார். அன்று அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாடா பத்தடியே காட்டியது. அவர் நாடாவின்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே போனார்.

தையல்காரர் செய்த தவறு ஒன்றுதான். அவளுக்கு இடம் போதவில்லை என்று முடிவுகட்டி, கூடம் போலப் பெரிய அறை உள்ள வீட்டுக்குக் குடிமாற்றினார். எதைத் தைத்தாலும் ஒரு விரல் கூடுதலாகத் துணி விட்டுப் பழகியவர். அந்த அறையில் கதவைத் திறந்தால் மேசையில் இடித்தது. ஒரு வருடம் அவள் ஒரு பக்கமும் எழுதவில்லை. பழைய வீடு காலியாகவே இருந்ததால் திரும்பி வந்தார்கள்.

வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அறை நீண்டிருக்கும்போது வாசலில் நின்று யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது. விஷயம் தெரியாத நாத்தனார் ஒருமுறை ஊரிலிருந்து வந்த ஜோரில் "அண்ணி!" என்று கத்திவிட்டாள். தரை ஒரே இழுப்பில் சுருங்கி, மனைவி நாற்காலியோடு கதவருகே வந்து நின்றாள். எழுதிக்கொண்டிருந்த நாவல் அந்த இடத்திலேயே அறுந்துபோனது. அதில் ஒரு பெண் பேருந்துப் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். ஏறுவதா வேண்டாமா என்பது அடுத்த வரியில் இருந்தது. அந்த வரி திரும்ப வரவில்லை. வருடங்கள் போயின, வேறு நாவல்கள் வந்தன. ஆனாலும் மனைவி சாப்பிடும்போது சில சமயம் கையை நிறுத்திக்கொண்டு, "அவளுக்குக் கால் வலிக்கும்" என்பாள்.

வலி வந்தது தையல்காரருக்கு. வாழ்நாளெல்லாம் தையல் மெஷின் மிதித்த வலது முழங்கால் மடங்க மறுத்தது. ஆபரேஷன் செய்தாலும் நடை பழையபடி வருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அழைத்துப்போக மகள் வந்தபோது மனைவி கடைசி அத்தியாயத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

"ஒரு சத்தம் குடுங்கப்பா. ஓடி வந்துடுவாங்க."

"வருவா. அதான் பயமா இருக்கு."

"அப்ப நான் போய்ச் சொல்றேன். எனக்கென்ன, கால் நல்லாத்தான இருக்கு?"

"நீ போய்ச் சொன்னா, அப்பனால நடக்க முடியலன்னு நெனப்பா. நான் நடந்துபோய்ச் சொன்னா, பரவால்ல, நடக்கறாரேன்னு நெனப்பா."

"இந்தக் காலோடவா? நல்ல ஜோடிதான் போங்க ரெண்டு பேரும்" என்றாள் மகள். பிளாஸ்க்கில் தேநீரை ஊற்றிக் கொடுத்தாள்.

அவர் நூலைக் கட்டிவிட்டுக் கைத்தடியோடு நடந்தார். சுவர்கள் மறைந்தன. கதவு தீப்பெட்டியாகி, பொத்தானாகி, ஊசிக்கண்ணாகிக் காணாமல் போனது. அதற்கு அப்பால் அவர் இதுவரை வந்ததில்லை. அங்கே ஒரு பேருந்து, இயந்திரம் ஓடியபடி நின்றிருந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி ஒரு பெண் இருந்தாள். அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. முழங்கால் அதற்குமேல் கேட்கவில்லை.

"கொஞ்சம் ஒதுங்கும்மா. உக்காந்துட்டுப் போயிடறேன்" என்றார்.

அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். அவர் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டு, எழுந்து நடந்தார். பின்னால் பேருந்து புறப்படும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பிளாஸ்க்கை வைத்தார்.

"நாளைக்கு முழங்கால்ல ஆபரேஷன்."

"நடந்தா வந்தீங்க?"

"நடந்துதான்."

"அப்ப சரி" என்றாள். பேனா நிற்கவில்லை.

அவளுடைய ரவிக்கையின் இடது கைப் பொத்தான் ஒற்றை இழையில் தொங்குவதை அவர் பார்த்தார். சட்டைக் காலரில் எப்போதும் ஓர் ஊசி செருகியிருப்பார். நூல்கண்டு தீர்ந்திருந்தது. மிச்சமிருந்த நூல் அவர் விரலிலிருந்து கதவுவரை நீண்டு கிடந்தது. அதையே பல்லால் கடித்து அறுத்தார். அறுந்த முனை தரையில் விழுந்தது. நூலைக் கோத்து, மேசையோரம் சாய்ந்துகொண்டு, எழுதாத கையை எடுத்துப் பொத்தானைத் தைக்கத் தொடங்கினார். அவள் கையைக் கொடுத்துவிட்டு மறு கையால் எழுதினாள். தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைக் கடிக்கக் குனிந்தார். அப்போதுதான் அவள் பேனாவை வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"வர்ற வழியில ஒரு பஸ் நின்னிருக்குமே, அவ ஏறிட்டாளா?"