கொஞ்சம் அழுக்கு

ஆஸியா பீவி வீட்டுத் தரையில் எறும்புகூடக் காலைத் துடைத்துவிட்டுத்தான் நடக்கும். அந்த வீட்டுக்கு மீன் தொட்டி வந்தது மாப்பிள்ளை ரஃபீக்கால். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே குடிவருவது அவர்கள் வழக்கம். ரஃபீக் துணிப்பெட்டியோடு தொட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். துபாய்க்குப் போகும்போது மனைவி ஷிஃபாவிடம் ஒப்படைத்தார். ஷிஃபா வங்கி வேலைக்குப் போகிறவள். ஆக, மீன்கள் மாமியார் கைக்கு வந்தன.

மீசை வைத்த சின்னஞ்சிறு கெளுத்திகள், ஆறு. நாளெல்லாம் அடியிலேயே மூஞ்சியால் துழாவிக்கொண்டிருக்கும். ஆஸியா பீவிக்கு அது மானப் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் கேட்பார்:

"ஏன் சந்திரா, நான் வச்சிருக்கிற இடத்துல அப்படி என்ன குப்பையக் கண்டுச்சு?"

வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீரை முழுக்கக் கொட்டி, அடியில் கிடந்த கலர் கற்களைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து, குழாய்த் தண்ணீரை நிரப்புவார். மீன்களின் மீசை குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒன்று செத்தது.

"மாப்பிள்ளை ஆசையா வளர்த்த ஜீவன். வந்து பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று ஆள் பாதியாகிவிட்டார்.

மாப்பிள்ளையிடமே கேட்கலாமே என்றால், முடியாது. அவரிடம் ஆஸியா பீவி நேரே பேசியதே இல்லை. "டீ வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். மாப்பிள்ளை அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார். மீன் சேதியும் மகள் வழியாகத்தான் போயிற்று. "சாகுதுன்னு சொல்லு" என்று இவர் சொன்னதை, வெளிநாட்டில் இருப்பவரைக் கவலைப்படுத்தக் கூடாதென்று, "உம்மா நல்லாப் பாத்துக்கிறாங்க" என்று ஆக்கி அனுப்பினாள் ஷிஃபா. பதிலும் அதற்கேற்ப வந்தது: "அப்படியே செய்யச் சொல்லு." அப்படியே செய்தார். இன்னொன்றும் செத்தது. மகள் சேதியை மாற்றிவிட்டாளோ என்று அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

அன்று மதியம் நான் கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டிலும் மரம் இருக்கிறது, அது வேறு விஷயம். ஷிஃபா வேலைக்குப் போயிருந்தாள். ஆஸியா பீவி முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, போனை எடுத்தார். வெறும் குரல் அழைப்புக்குத்தான் அந்த முக்காடு.

"மாப்பிள்ளை... நான்தான்."

"மாமியா? யாருக்கு என்ன ஆச்சு?" பதறிய குரல் எனக்கே கேட்டது.

"மீனுக்குத்தான். ரெண்டு மவுத்தாப் போச்சு. ஷிஃபா சொல்லமாட்டா, நான் சொல்றேன்."

எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார் போலிருக்கிறது. இவர் தேய்த்தது, பிழிந்தது எல்லாவற்றையும் பெருமையோடு ஒப்பித்தார். ஸ்பீக்கரைப் போடச் சொல்லி நான் ஜாடை காட்டினேன்.

"மாமி, இவ்வளவு சுத்தம் அதுக்கு ஆகாது. தண்ணியக் காப்பாத்துற நல்ல கிருமியும் கழுவுறதுல போயிரும். வாரம் கால்வாசித் தண்ணி மாத்துனாப் போதும். அதையும் குளோரின் போக ஒருநாள் வாளியில வச்சிருந்து ஊத்துங்க. பஞ்சைத் தொட்டித் தண்ணியிலயே அலசுங்க. அந்தக் கல்லு முனை மீசைய அறுக்கும். நான்தான் மாத்தாம விட்டுட்டேன். வழவழன்னு ஆத்து மணல் போடுங்க, கடல் மணல் வேணாம்."

"தீனி மேல மிதக்குதே, மிச்சத்தத்தானே இதுங்க திங்கும்?"

"மிச்சம் கீழ வராது மாமி. அடியில போய் விழுற வில்லை அலமாரில இருக்கு, அதைப் போடுங்க."

"அப்ப அழுக்கோட விடச் சொல்றீங்க."

"கொஞ்சம், மாமி."

மாடி கட்டியதில் எங்கள் வீட்டில் ஆற்று மணல் மிஞ்சிக் கிடந்தது. அதைச் சலித்து, அலசி, திரும்பவும் அலசப் போனவர் கையை நான்தான் பிடித்தேன்.

இப்போது தொட்டியின் கண்ணாடியில் பாசி படர்ந்திருக்கிறது. எதிர்வீட்டு ஷரீபுன்னிசாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

"என்ன ஆஸியா, உன் வீட்டுலயா பாசி?"

"மாப்பிள்ளை சொல்லியிருக்காங்க" என்றார், தலையை நிமிர்த்தி.

போன வெள்ளிக்கிழமை துணியோடு தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். மற்றொரு கையில் போன். முக்காடு அப்படியே இருந்தது.

"மாப்பிள்ளை, மீசை வளருது. நாலுக்கும்."

பிறகு, குரலைத் தாழ்த்தி, "முன்பக்கக் கண்ணாடிய மட்டும் துடைச்சுக்கட்டுமா?"