ததும்பிய கிண்ணம்

எங்கள் கோகந்து நகரத்துக் கூலிச் சந்தையில் உஸ்தா இல்லாத ஆளே கிடையாது. உஸ்தா என்றால் கைதேர்ந்தவன். பூச்சுக் கரண்டியைத் தலைகீழாகப் பிடிப்பவனும் அங்கே உஸ்தாதான். கேட்டால் மார் தட்டுவான்.

அன்று காலை சோபித் அண்ணன் காரிலிருந்து இறங்கியதும் முப்பது உஸ்தாக்கள் மொய்த்துக்கொண்டார்கள். அவர் பன்னிரண்டு அறை விடுதி கட்டுகிறார். கோடை முழுக்கப் பூச்சு வேலை. அந்த வேலை எனக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை பிழைப்புத் தேடி ரஷ்யாவுக்கு ரயில், என் ஏழு வயது மகள் மஃப்துனா நாத்தனார் வீட்டில். டிக்கெட் பையிலேயே இருந்தது.

தேநீர்க்கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தார். என் முறை வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி நீட்டினார். மதிக்கிற ஆளுக்கு எங்கள் பக்கம் இரண்டு மடக்குதான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிக்கலாமே என்று. நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணத்தைத் தொடாமல் அங்கேயே நின்றேன்.

கடைசி ஆளும் "நான் உஸ்தா" என்றதும் அண்ணன் வெடித்தார்.

"போன தடவை உங்க வாயை நம்பித்தான் ஏமாந்தேன். சுவரு அலையடிக்குது! இன்னைக்கு ரெண்டு வழி. தினக்கூலி, மதியம் புலாவ், யார் வேணா வாங்க, மணல் சலிக்கலாம். இல்ல, உஸ்தான்னு வந்தா தனியா ஒரு சுவர். சாயங்காலம் டார்ச் அடிச்சுப் பாப்பேன். சரியா இருந்தா ரெட்டைக் கூலி, கோடை முழுக்க வேலை. ஒரு மேடு தெரிஞ்சாலும் காசு கிடையாது, சுரண்டி எடுத்துட்டுப் போகணும்."

முப்பது உஸ்தாவும் புலாவ் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எனக்குச் சுவர்," என்றேன்.

"அக்கா தந்தூர் அடுப்பு பூசுற உஸ்தாடோய்!" என்றான் தோலிப். மூன்று வருஷமாகக் கரண்டியைப் புத்தம்புதுசாகவே வைத்திருப்பவன்.

"ஆமாடா. தந்தூர்ல பூச்சு பிசகினா ரொட்டி நெருப்புல விழும். நீ பூசின சுவத்துக்குக் கம்பளம் மாட்டி மறைச்சுக்கலாம்."

சந்தையே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

விடுதியில் ஒரு சுவரைக் காட்டிவிட்டார். ஜிப்சம் கலவை யாருக்கும் காத்திராது, அரை மணியில் இறுகிவிடும். மதியம் புலாவ் வாசனை வந்தபோதுகூட நான் திரும்பவில்லை. கை பறந்தது. பயமும் குஷியும் சேர்ந்து என்னைப் பிடித்து ஆட்டின.

சாயங்காலம் அண்ணன் வந்து ஜன்னல்களை மூடச் சொன்னார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மூலைக்கு மூலை நகர்த்தினார். ஒரு மேடு இருந்தால் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். தோலிப் உட்பட எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன் டார்ச்சை அணைத்தார். உட்கார்ந்தார், தேநீர் ஊற்றினார். கிண்ணம் நிரம்பியது. ததும்பி விரிப்பில் வழிந்தது.

அவ்வளவுதான். கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டேன். கையில் டிக்கெட் தட்டுப்பட்டது.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"அதான் நிரப்பிட்டீங்களே."

அவர் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"அட ஆண்டவனே! சுவத்தையே பாத்துக்கிட்டு ஊத்திட்டேன்!"

தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார், இரண்டே மடக்கு. மரியாதையாக இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் நீட்டினார்.

"குடிங்க, உஸ்தா."

ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினேன்.