ஓட்சுக்கு வெள்ளம் ஊற்றிய சனிக்கிழமை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சர்க்கரை வியாதியில் பிறந்தது. நாகர்கோவிலில் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ராத்திரியே ஓட்ஸை ஊற வைக்கவும், காலையில் மோர் விட்டு அப்படியே சாப்பிடவும், அடுப்பு வேண்டாம். வீட்டில் காட்டினேன். என் மனைவி கிரேசி மூக்குக்கண்ணாடியை ஏற்றி வாசித்துவிட்டு, "பழஞ்சி வெக்கப் படிக்கியதுக்கா கார் பிடிச்சுப் போனீரு?" என்றாள்.

பழைய சோற்றுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் பழஞ்சி, தண்ணீருக்கு வெள்ளம். அவள் கேட்டதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. இந்த ஊரில் முதன்முதலாக ஓட்சைப் பழஞ்சி போட்டது யாராக இருக்கும் என்று யோசித்தேன். யாரும் எழுதி வைக்கவில்லை. அதுவும் நல்லதாய்ப் போயிற்று, நானே ஒருத்தியை உண்டாக்கிக்கொண்டேன். பெயர் தேவகனி. வயது முப்பத்து நாலு. வருஷம் 1931. இனி அவள் இல்லை என்று உங்களால் சொல்ல முடியாது.

2

தொடக்கம், முதல் வரைவு: "அருமனை போகும் சாலையில், தென்னைகளுக்கு நடுவே, அந்த மிஷன் பங்களா ஒரு வெள்ளைப் புறாவைப் போல—"

வேண்டாம். பங்களா பங்களாவைப் போலத்தான் இருக்கும்.

இரண்டாம் வரைவு: "அன்று காலை முதலே தேவகனிக்கு வலது கண் துடித்துக்கொண்டு—" துடிக்கவில்லை. அவள் கண்ணுக்கு வேறு வேலை இருந்தது.

சரி, நேராகவே சொல்கிறேன். தேவகனி அந்தப் பங்களாவில் சமையல்காரி. புருஷன் இறந்து ஐந்து வருஷம். ஒரே மகள் பூங்கனி, பின்னாலிருந்த மிஷன் போர்டிங்கில் தங்கி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். சமையல்காரியின் பிள்ளை என்பதால் கிடைத்த இடம் அது. அம்மாவின் வேலை போனால் மகளின் இடமும் போகும். தேவகனி காலையில் கண் விழித்ததும் நினைப்பது இதை, ராத்திரி பாயை விரிக்கும்போது நினைப்பதும் இதைத்தான்.

பங்களாவில் இருந்தவர் மிஸ் ஹார்ட்டன். ஊருக்கு அவர் மிசியம்மா. பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கண்டிப்புக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லாவிட்டால் நீங்கள் உங்கள் வசதிக்கு அவரை வில்லியாக்கிவிடுவீர்கள். அவர் போட்ட சட்டங்களில் இரண்டு இந்தக் கதைக்கு வேண்டும்.

ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் அடுப்பு எரியக் கூடாது. அது ஓய்வுநாள். வேண்டியதைச் சனிக்கிழமையே ஆக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தேவகனிக்கு முன்னால் அங்கே சமைத்த குளச்சல்காரன் அல்போன்ஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை தனக்கென்று பால் விடாத கட்டஞ்சாயா போட நாலு சுள்ளியைப் பற்ற வைத்தான். மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு நடந்தான்.

இரண்டு, பழஞ்சி கூடாது. போன வருஷம் வாந்திபேதியில் சபையில் ஒன்பது பேர் போனார்கள். ராத்திரி ஊற்றி வைத்த சோற்றில்தான் கிருமி என்று மிசியம்மா மாதர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில், இனிப் பழஞ்சி தொட மாட்டோம் என்று சத்தியம் செய்து எல்லாரும் வலது கையைத் தூக்கினார்கள். தேவகனியும் தூக்கினாள்.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: கை தூக்கினவர்கள் பிற்பாடு தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கோழி கூவின பிறகு வெள்ளம் ஊற்றினால் அது பழஞ்சியில் சேராது. அந்த ஊரில் சில கோழிகள் சாயங்காலம் ஏழு மணிக்கே கூவியதாகக் கேள்வி.]

3

ஆவணியில் மிசியம்மா வயிற்றுக்கோளாறில் படுத்தார். ஐந்து நாளாக உள்ளே போனது எதுவும் நிற்கவில்லை. ரொட்டி நிற்கவில்லை, சூப் நிற்கவில்லை, பார்லித் தண்ணீரும் வெளியே வந்தது. வியாழக்கிழமை வெள்ளைக்கார டாக்டர் துரை வில்வண்டியில் வந்து இறங்கி, ஒரு தகர டப்பாவை மேசையில் வைத்தார். உள்ளே அவல் மாதிரி, ஆனால் அவல் இல்லாத ஒன்று இருந்தது. ஓட்ஸ்.

"காலையிலே இதைக் கஞ்சியாகக் கொடு. திங்கட்கிழமைக்குள் வயிற்றிலே ஒன்றும் நிற்காவிட்டால் அம்மாவைச் சீமைக்குக் கப்பலேற்ற வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிசியம்மா கப்பலேறினால் பங்களாவுக்குப் பூட்டு விழும். தேவகனி வெள்ளிக்கிழமை கஞ்சியைச் சுடச்சுடக் காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டு கரண்டி உள்ளே போய், அதைவிட வேகமாகத் திரும்பி வந்தது. சனிக்கிழமை காலையில் மணம் பட்டதுமே மிசியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம், நாளைக்கு ஆகட்டும் என்று கொஞ்சம் காய்ச்சி ஆற வைத்துப் பார்த்தாள். அது பசையாக இறுகி, குத்தின கரண்டி சாயாமல் நின்றது.

(தெர்மாஸ் குடுவை இல்லையா என்று கேட்கிறவருக்கு: இருந்தது. டாக்டர் துரை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். கதை என்னுடையது, குடுவையும் என்னுடையது.)

தேவகனிக்குத் தெரிந்த வைத்தியம் இன்னும் ஒன்றுதான் மிச்சமிருந்தது. போன கோடையில் பூங்கனிக்குக் காய்ச்சல் விட்ட பிறகு எதுவும் தங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பழஞ்சி கரைத்துக் கொடுத்தாள். தங்கியது. பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. சத்தியத்தை மீறிய பயத்தைவிடச் சந்தோஷமே அன்றைக்கு அவளுக்குப் பெரிதாக இருந்தது.

4

பொழுது சாயும் நேரம். தேவகனி மண்சட்டியைக் கழுவி, ஓட்சை இரண்டு கை அள்ளிப் போட்டு, கொதிக்க வைத்து ஆற்றிய வெள்ளத்தை ஊற்றினாள். வெள்ளத்தைக் கொதிக்க வைக்கச் சொல்லிக் கொடுத்தது மிசியம்மாதான். அதை அவள் மறக்கவில்லை. மூடி வைத்து நிமிர்ந்தால், பின்வாசலில் நேசபாய் நிற்கிறாள்.

நேசபாய் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக்கொடுப்பவள். அன்றைக்கு மாதர் கூட்டத்தில் தூக்கிய கைகளை எண்ணியவளும் அவள்தான்.

முதல் வரைவில் நான் நேசபாயைக் கோள்காரியாக எழுதினேன். சட்டியைப் பார்த்தாள், நேரே போய் மிசியம்மாவிடம் வத்தி வைத்தாள். இரண்டு பக்கம் நன்றாகவே ஓடியது. பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் ஒரு நோயாளியை விசாரிக்க வந்த மனுஷியை, என் கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும் என்பதற்காகக் கெட்டவளாக்குவதா? கிழித்துப் போட்டேன். நடந்தது இதுதான்.

"ஏட்டி தேவகனி, சட்டியில என்னவாக்கும்?"

"ஒண்ணுமில்லக்கா. மிசியம்மாக்க மருந்து."

நேசபாய் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "வெள்ளமல்லா ஊத்தி வச்சிருக்க."

"அரிசி இல்லக்கா, ஓட்சாக்கும். நாம அரிசிச் சோத்துக்குத்தானே கை தூக்கினோம்."

"அதை மிசியம்மாகிட்ட போய்ச் சொல்லு. எனக்கிட்ட வேண்டாம்."

தேவகனி குரலைத் தாழ்த்தினாள். "எக்கா, வேற வழி தெரியல்ல. மிசியம்மா கப்பலேறிப் போனா எனக்க பிள்ளைக்க படிப்பு அதோட போச்சு. நீங்க பாத்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

நேசபாய் சட்டிப் பக்கம் குனிந்தாள். ஒரு விரலை விட்டு ஓட்சைத் தொட்டு, நசுக்கிப் பார்த்தாள்.

"மோரு ஊத்திட்டியா?"

"இல்ல."

"இப்பம் ஊத்தாத. நாளைக்குக் காலத்த ஊத்து. இப்பமே ஊத்தினா புளிச்சு நாறிப்போவும். உள்ளியும் காலத்த சதச்சாப் போதும்."

தேவகனி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பழஞ்சியை விட்டு வருஷம் ஒன்று ஆகப்போகிறது என்று போன வாரம்தான் கூட்டத்தில் சாட்சி சொன்னவள் இந்த நேசபாய். நேசபாயும் தேவகனியைப் பார்த்தாள். ஒருத்தியை ஒருத்தி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான் இந்தப் பக்கமே வரல்ல, கேட்டியா," என்று மூடியை மூடி வைத்துவிட்டு நேசபாய் இறங்கிப் போனாள்.

5

ஞாயிறு காலை. ஓட்ஸ் ஊறி மலர்ந்து பூவாக இருந்தது. தேவகனி மோர் ஊற்றி, உப்பு போட்டு, உள்ளி என்கிற சின்ன வெங்காயம் இரண்டைச் சதைத்துக் கலக்கினாள். காந்தாரி மிளகாய் ஒன்றைக் கையில் எடுத்தாள். ஆசையாகத்தான் இருந்தது. திரும்ப வைத்துவிட்டாள். பீங்கான் கிண்ணத்தில் விட்டு, வெள்ளிக் கரண்டி போட்டுக் கொண்டுபோனாள்.

மிசியம்மா ஒரு கரண்டி எடுத்தார். தேவகனி தரையிலிருந்த பேசினைக் காலால் மெல்ல நகர்த்திக் கிட்டே வைத்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது கரண்டி. ஆலயத்தில் முதல் மணி அடித்தது. மூன்று, நாலு. பாதிக் கிண்ணம் போயிற்று. பேசின் காலியாகவே கிடந்தது. இரண்டாம் மணி அடிக்கும்போது மிசியம்மா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தேவகனிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மிசியம்மா தமிழை வேதத்தில் படித்தவர். அப்படித்தான் பேசுவார்.

"தேவகனியே, இது என் வயிற்றில் நிற்கிறது. குளிர்ச்சியாயிருக்கிறது. ஆனாலும் சொல், ஓய்வுநாளிலே நீ அடுப்பு மூட்டினாயோ?"

ஆம் என்றால் அல்போன்ஸ் நடந்த வழி. இல்லை என்றால், பின்னே எப்படி இது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் அவள் தூக்கிய வலது கையில் இருந்தது.

6

முடிவுக்கு நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

முடிவு அ: "போர்டிங் அடுப்பில காய்ச்சினதாக்கும்" என்று தேவகனி சொல்கிறாள். மிசியம்மா நம்புகிறார். எழுதி முடித்தபின் யோசித்தேன். போர்டிங்கில் சமைக்கிறவளுக்கும் பிள்ளைகள் இருக்குமே. தன் பிள்ளைக்காக இன்னொருத்தி பிள்ளையின் சோற்றில் மண் போடுகிறவள் இல்லை தேவகனி. என் பேனா பொய்யை எழுதிற்று, அவள் வாய் திறக்க மாட்டேன் என்றாள்.

முடிவு ஆ: மிசியம்மா வாய்விட்டுச் சிரித்து, தேவகனியைக் கட்டிப்பிடித்து, அடுத்த மாதர் கூட்டத்தில் எல்லாருக்கும் பழஞ்சி— சீ, போதும். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு இ: அவள் மயங்கி விழுகி—

7

தேவகனி விழவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"இல்ல மிசியம்மா, தீ போடல்ல. நேத்தைக்குச் சாயங்காலமே வெள்ளம் ஊத்தி வச்சேன். இது பழஞ்சியாக்கும். கை தூக்கினவங்கள்ல நானும் உண்டு. எனக்க பிள்ளைக்கு முடியாமப் போனப்பவும் இதைத்தான் குடுத்து எழுப்பினேன். உங்களுக்கும் அதையே தந்தேன்."

மிசியம்மா கிண்ணத்தைப் பார்த்தார். அதில் இன்னும் இரண்டு வாய் இருந்தது.

இங்கே நான் பேனாவை வைக்கிறேன். எழுதத் தெரியாமல் இல்லை. தேவகனி தன் பங்கைச் செய்துவிட்டாள், அவளை எழுதிய நானும் செய்துவிட்டேன். மிச்சம் மிசியம்மாவின் பங்கு. அந்த இரண்டு வாயையும் சாப்பிட்டால், தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியவர் ஆவார். பூங்கனி ஏழாம் வகுப்புக்குப் போவாள். கரண்டியைக் கீழே வைத்தால், நாளைக் காலை தாயும் மகளும் ஒரு தகரப்பெட்டியோடு அருமனைச் சாலையில் நடப்பார்கள்.

கிரேசியிடம் வாசித்துக் காட்டினேன். "தின்னுவா," என்றாள்.

"எப்படிச் சொல்லுக?"

"ஒரு வாரம் பட்டினி கெடந்தவ தின்னாம பின்னே?"

கிரேசி நல்லவள். பசித்த வயிற்றோடு கரண்டியைக் கீழே வைக்கிற மனுஷர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை உங்களிடம் தருகிறேன். உங்கள் ஃபிரிட்ஜிலும் நேற்று ஊற வைத்தது ஒரு கிண்ணம் இருக்கும். எடுத்து வந்து சாப்பிடுங்கள். கடைசி இரண்டு வாய் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தேவகனி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வெளியே, வெளுத்த பாவாடை உடுத்து, ஆலயத்துக்குப் போக அம்மா வருவாள் என்று பூங்கனி காத்திருக்கிறாள். மூன்றாம் மணி இன்னும் அடிக்கவில்லை. கரண்டி உங்கள் கையில் இருக்கிறது.