பதினாலு நிமிஷம் ஓடுகிற கேமரா

அந்த வருஷம் உயிரோடு இருப்பதற்கான சான்றைப் படமாக எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆள் படுக்கையிலிருந்து எழுந்து, வாசல் கேட்டைத் தாண்டி வெளியே போகவேண்டும். சின்ன ஃபிலிமில் எடுக்கவேண்டும். நடுவில் வெட்டு கூடாது. தென்காசியில் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். அவர்களெல்லாம் ஒரு நிமிஷத்தில் வெளியே போய்விடுகிறவர்கள்.

உலகம்மாளின் கணவர் குற்றாலிங்கத்துக்குப் பதினாலு நிமிஷம் ஆகும். கண்ணாடியைத் தேடுவார். பாயைச் சுருட்டுவார். சரியில்லை என்று விரித்து மறுபடி சுருட்டுவார். காலண்டரோடு கொஞ்ச நேரம் பேசுவார். வீட்டிலிருந்த கேமராவில் ஒரு ஃபிலிம் மூன்று நிமிஷம்தான் ஓடும். உலகம்மாள் ஐந்து ஃபிலிம் எடுத்து, ஒட்டிக் கொடுத்தாள்.

சான்று வாங்குகிற அலுவலகத்தில் எழுத்தர் மாடக்கண்ணு ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ஒட்டுல ஆளு எங்கம்மா?"

"ஃபிலிம் மாத்திக்கிட்டு இருந்தேன்."

"அது நீங்க. ஆளு எங்க?"

"அங்ஙனதான் நின்னாக."

"நின்னதுக்குப் படம் இருக்கா?"

இல்லை. மாடக்கண்ணு நாலு ஒட்டுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து குற்றாலிங்கம் ஒட்டு வருகிற இடத்தில் இல்லாமல் போனார். மூன்று நிமிஷம் இருப்பார். பிறகு ஃபிலிம் மாற்றுகிற நேரத்துக்கு இருக்கமாட்டார். சட்னி கேட்பார். கொண்டுவந்தால் தட்டு மட்டும் இருக்கும். முதலில் அரை நிமிஷமாக இருந்த ஒட்டு, புதன்கிழமை ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது.

"எங்க போயிருந்திய?" என்றாள் உலகம்மாள்.

"எங்கயும் போகலையே. சட்னி கேட்டேன்லா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"வெள்ளிக்கிழமை கடைசி," என்றார் மாடக்கண்ணு. "அதுக்குள்ள ஒரே ஓட்டமா வரலைன்னா ஒட்டும் ஒட்டும் சேந்துரும்."

"சேந்தா?"

"நடுவுல ஆளு இருக்க இடம் இருக்காது."

"போன்ல எடுத்துக் குடுத்துருதேனே."

"போன்ல செத்தவங்களும் நடக்காங்கம்மா."

வியாழக்கிழமை காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. உலகம்மாளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. சின்ன ஃபிலிமில் பதினாலு நிமிஷம் நிற்காமல் ஓடுகிற பழைய கேமரா இருக்கிறதா என்று கடை கடையாக ஏறி இறங்கினாள். மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஓடும்க்கா. ஆனா பாக்காது."

பழைய சாமான் கடையில் இன்னொன்று இருந்தது. அது பார்க்கும், ஆனால் அதற்குக் குற்றாலிங்கத்தைப் பிடிக்காது என்றார்கள். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை.

கடைசியில் தீத்தாரப்பன் ஸ்டுடியோவுக்குப் போகச் சொன்னார்கள். நீளமான ஷாட் எடுக்கிற கேமரா இருக்கிற இடம் என்பதால் அந்த ஸ்டுடியோவின் நடைவழியும் நீளம். உள்ளே நுழைந்தவள் நடந்துகொண்டே இருந்தாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைகளுக்கு மெல்ல வயதாகிக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரம் போனதும் நின்றபடியே புளிச்சோற்றைத் தின்றாள். எதிரே ஒரு பெண் குடத்தோடு வந்தாள்.

"இன்னும் எம்புட்டு தூரம்மா?"

"தெரியாது மதினி. நான் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தேன். இப்ப இங்ஙனயே வாக்கப்பட்டுட்டேன்."

தீத்தாரப்பன் நடையின் முடிவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சாம்பல் நிறக் கேமரா. எழுபதுகளில் வந்தது. பெரிய டப்பா ஃபிலிம் போடுவதற்காக முதுகில் திமில் வைத்திருந்தது. எதிரே நாற்காலியில் அவர் மனைவி பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இந்தக் கேமரா எனக்கு வேணும்."

"இது மட்டும்தான் இருக்கு. ஷாட் ஓடிக்கிட்டு இருக்கு."

"எப்ப முடியும்?"

"அவ கட்டி முடிக்கணும்."

கட்டிய சரம் நாற்காலியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. உலகம்மாள் தன் கணவருக்கு என்ன ஆகிறது என்று சொன்னாள். வேகமாகச் சொன்னாள். தீத்தாரப்பன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குடுத்திருங்க," என்றாள் அவர் மனைவி. "எனக்கும் முதுகு வலிக்கி. எத்தன வருஷமா பாத்துக்கிட்டே இருப்பிய?"

"உனக்கென்ன, நீ சொல்லிருவ."

"நாஞ்சொல்லாம யாரு சொல்லுவா? எடுங்க கைய."

தீத்தாரப்பன் விசையிலிருந்து விரலை எடுத்தார். சத்தம் நின்றது. நாற்காலியில் பூ மட்டும் இருந்தது.

"மதினி எங்க?" என்றாள் உலகம்மாள்.

"டீ போடப் போயிருப்பா."

அவர் உள்கதவைப் பார்த்துக்கொண்டே கேமராவை நீட்டினார். புதிய ஃபிலிம் டப்பாவையும் உள்கதவைப் பார்த்துக்கொண்டேதான் மாட்டினார்.

"ஒரு டப்பா பதினாலு நிமிஷம். அமுக்கிப் பிடிச்சிருக்கணும். விட்டா வெட்டு. பாத்துக்கிடுங்க."

திரும்பும்போது நடை நாலே எட்டில் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மாடக்கண்ணு பதிவேட்டோடு வீட்டுக்கு வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். குற்றாலிங்கம் இல்லை. வியாழன் மத்தியானம் தொடங்கிய ஒட்டு இன்னும் முடியவில்லை. உலகம்மாள் வெறும் பாய்க்கு முன்னால் கேமராவோடு நின்றாள். ஒன்பதே முக்காலுக்குப் பாயில் குற்றாலிங்கம் படுத்திருந்தார்.

"என் கண்ணாடி எங்க?" என்றார்.

அவள் விசையை அமுக்கினாள்.

கண்ணாடி தலையணைக்கு அடியில் இருந்தது. பாயைச் சுருட்டினார். விரித்தார். சுருட்டினார். காலண்டரிடம், "ஆடி பொறந்துட்டா?" என்று கேட்டார். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டார். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டார். உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மூன்று நிமிஷம் தாண்டியது. அவர் இருந்தார். ஆறு தாண்டியது. இருந்தார். பன்னிரண்டாவது நிமிஷத்தில் முற்றத்தில் இறங்கினார். கேட்டுக்கு எட்டு அடி.

சாரல் வலுத்தது. அவர் தலையில் மழை விழுவது கேமராவுக்குள் தெரிந்தது.

"ஏங்க, குடை," என்றாள் உலகம்மாள்.

குற்றாலிங்கம் நின்றார். மாடக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார்.

"பின்னாலருந்து கூப்பிட்டுட்டியே," என்றார் குற்றாலிங்கம்.

"தெரியாம கூப்பிட்டுட்டேன். நீங்க போங்க."

"அது எப்படிப் போக? உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் கெளம்பணும்."

"இன்னைக்கு மட்டும் அப்படியே போயிருங்களேன்."

"போற காரியம் வெளங்காண்டாமா?"

அவர் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். செம்பை எடுத்து அண்ணாந்து, நிதானமாக, மடக்கு மடக்காகக் குடித்தார். உலகம்மாளின் கையில் கேமராவின் சத்தம் மாறியது. கனமாக ஓடியது லேசாக ஓடத் தொடங்கியது.

மாடக்கண்ணு வந்து கேமராவில் காதை வைத்தார்.

"ஃபிலிம் தீந்துட்டும்மா."

"தெரியுது."

"கைய எடுங்க."

"எடுத்தா?"

மாடக்கண்ணு பதிவேட்டைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"எடுத்தா வெட்டு," என்றார்.

"எடுக்கலைன்னா?"

"அதுக்குக் கட்டம் இல்ல."

அவர் பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேட்டை அகலத் திறந்து பிடித்தார்.

குற்றாலிங்கம் செம்பை வைத்துவிட்டு எழுந்தார். முற்றத்தைக் கடந்தார். கேட்டைத் தாண்டினார். உலகம்மாளும் தாண்டினாள். தெருவில் அவர் நனைந்துகொண்டே நடந்தார். இந்தத் தடவை அவள் குடைக்குக் கூப்பிடவில்லை. ஆள்காட்டி விரல் மரத்துப்போனது. நடுவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கேமராவின் சின்னச் சதுரத்துக்குள் அவர் முதுகு இருந்தது. தெரு முனையில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. போனது. முதுகு இருந்தது.

ரயில்வே கேட் பக்கம் வந்தபோது குற்றாலிங்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏட்டி, வாரியா?"

"பின்னாலதான் வாரேன். நடங்க."