குட்டி ஓய்வெடுக்கப் போன நாள்

வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டிதான். காதோரம் நரைத்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கல்யாணப் பேச்சு ஒன்று பாதி வழியில் இருந்தபோது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அந்தப் பேச்சை மறுபடி எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. பன்னிரண்டு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தவள் அவள்தான். அண்ணன் அவ்வப்போது வந்து, கட்டிலோரம் நின்று, செல்போனைப் பார்த்துவிட்டுப் போவான்.

அம்மா போய் இரண்டு மாதமாகிறது. குட்டி அழவில்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கல்நெஞ்சுக்காரி என்று ஒரு சொந்தக்காரி முணுமுணுத்தது காதில் விழுந்தது. வேறு யாரையோ சொன்ன மாதிரி இருந்தது.

அண்ணன் கார் விற்கும் கம்பெனியில் மேனேஜர். பெரிய வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்ததுபோக, கடற்கரை ரிசார்ட் ஒன்றின் ஒரு நாள் பாஸ் மிச்சமிருக்கிறது, காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று போனில் சொன்னான். "நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணும்ல குட்டி" என்றான். இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து வராத வார்த்தை. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். குட்டிக்கு எதுவும் தோன்றவில்லை. சரி என்றாள்.

ரிசார்ட்டின் வாசலில் ஒரு பெண் சுருட்டிய ஈரத்துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். அண்ணி அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். குட்டி தன் துண்டை விரித்து, அழகாக நான்காக மடித்துத் திரும்பக் கொடுத்தாள். பிறகு கையில் ஒரு பட்டையைக் கட்டி, பேட்டரி வண்டியில் உட்காரவைத்து, தென்னைகளுக்கு நடுவே அழைத்துப் போனார்கள். நீச்சல்குளத்தின் ஓரம் எது, கடலின் ஓரம் எது என்று தெரியாதபடி கட்டியிருந்தார்கள். ஓலைக்குடைக்கடியில் வெள்ளை மெத்தை போட்ட சாய்வுக் கட்டில்கள். அண்ணன் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தான். சிரி என்றான். சிரித்தாள்.

பாஸில் மசாஜும் உண்டு, விட்டால் வீண் என்று அண்ணி அவளைக் கையோடு இழுத்துப்போய் ஒரு மரக்குடிலில் விட்டுவிட்டு, தான் பக்கத்துக் குடிலுக்குப் போனாள். உள்ளே வேலை பார்த்தவள் மணிக்கட்டு தடித்த, அதிகம் பேசாத பெண். எண்ணெயைச் சூடாக்கி முதுகில் ஊற்றித் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் படுக்கச் சொன்னாள். குட்டிக்குக் கேட்டது. உடம்புக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் காத்துப் பார்த்துவிட்டு, ஒரு கையைத் தோளுக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் கொடுத்து, ஒரே வீச்சில் அவளைப் புரட்டினாள்.

அந்தப் பிடி குட்டிக்கு மனப்பாடம். ஆனால் பிடிபட்டவளாக அவள் இருந்ததில்லை. சுவர் நகர்ந்தது, கூரை வந்தது, கழுத்தில் யாருடைய மூச்சோ பட்டது. அம்மாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

"வலிக்குதாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்ல" என்றாள் குட்டி. அம்மாவும் தினமும் அதைத்தான் சொன்னாள். அது நிஜமா என்று இப்போது யாரிடம் கேட்பது? அழுகை வருமோ என்று படுத்தபடியே பார்த்தாள். தூக்கம்தான் வந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். எழுந்தபோது மேலே ஒரு போர்வை இருந்தது. எழுப்ப மனசு வரவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள்.

சாப்பாட்டு மேசையில் அண்ணி பீடிகை போட ஆரம்பித்தாள். முதலில் கடல்காற்றைப் பற்றி, பிறகு குட்டியின் பொறுமையைப் பற்றி, பிறகு தன் அம்மாவைப் பற்றி. அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அண்ணியால் உட்கார முடியாது.

"வெளியாள் வெச்சா உன்ன மாதிரி வருமா? உனக்குக் கைப்பழக்கம். அந்த வீட்லயும் தனியா என்ன பண்ணப்போற?" என்றாள். அண்ணன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குட்டி வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "என்னால முடியாது அண்ணி."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அவளுக்குப் புரியவில்லையோ என்று அண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவசரமில்லை, யோசித்துச் சொல் என்றாள்.

"யோசிச்சாலும் இதுதான்."

"அப்ப என்னதான் பண்ணப்போற?" என்று அண்ணன் திரும்பினான்.

"தெரியல அண்ணா."

அண்ணியின் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, பல ராத்திரி தூங்காதவள் என்று கண்ணுக்கடியைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த முகத்தைக் குட்டி கண்ணாடியில் நிறையப் பார்த்திருக்கிறாள். காகிதக் கைக்குட்டையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு நாள் வரேன். எப்படித் திருப்பணும், புண்ணு வராம எப்படிப் பாத்துக்கணும்னு காட்டித் தரேன். நீங்களும் அண்ணாவும் கத்துக்கங்க."

"நானா?" என்றான் அண்ணன்.

"ரெண்டு பேர் தூக்கினா சுலபம்."

குட்டி எழுந்து மணலில் இறங்கினாள். முட்டளவு தண்ணீரில் போய் நின்றாள். அலை வந்தது, போனது. பெரிதாக எதுவோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தவளைப் போல நெடுநேரம் நின்றாள். சுடிதார் நனைந்தது, அவ்வளவுதான். முடியாது என்று சொன்னதில் சந்தோஷமும் இல்லை, உறுத்தலும் இல்லை. சொன்னது சொன்னதுதான் என்பது மட்டும் இருந்தது.

சாயங்காலம் காரில் திரும்பினார்கள்.

சொன்னபடியே அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணியின் அம்மா அவளைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். குட்டி அந்தக் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு, தலையணையை எங்கே வைப்பது, இடுப்பு அசையாமல் எப்படித் திருப்புவது என்று காட்டினாள். அண்ணனைச் செய்யச் சொன்னாள். அவன் மெதுவாகத் தோளுக்கடியில் கையைக் கொடுத்தான். "வலிக்குதா அத்தை?" என்று கேட்டான்.

சாயங்காலம் அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை வந்த அண்ணி ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு, பார்த்துப் போ என்று மட்டும் சொன்னாள். குட்டிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்துகொண்டாள்.