ரெங்கானிஸ் ரெப்போ திறந்த வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் பண்டுங் நகரத்து அலுவலகங்களில் ஆண்களைப் பார்ப்பது அரிது. ஜும்மாவுக்குப் போயிருப்பார்கள், கைப்பேசிகளும் அணைந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஜகார்த்தாவிலிருந்து வானியா அழைத்தாள். கணினி விளையாட்டுக் கண்காட்சி ஒன்றின் பொறுப்பாளர் அவள்.

"காலையில நீங்க அனுப்பின விளையாட்டு தொறந்த உடனே மூடிக்குது. ஜும்மா முடியறதுக்குள்ள ஓடுற மாதிரி ஒண்ணு அனுப்புங்க. இல்லேன்னா உங்க இடம் சுரபாயாக்காரங்களுக்குப் போயிடும். கோவிச்சுக்காதீங்க."

அழைப்பை எடுத்தவள் ரெங்கானிஸ். மூன்று பேர் நடத்தும் அந்தச் சின்ன நிறுவனத்தில் படம் வரைபவள். நிரல் எழுதுவது தெந்தி. கணக்கும் மதியச் சாப்பாடும் இமாஸ் அம்மாவின், அதாவது இபு இமாஸின் பொறுப்பு. மூவரும் சேர்ந்து உருவாக்கியது ஒரே ஒரு விளையாட்டு: ஆங்கோட் என்னும் பச்சை ஷேர் வேனை ஓட்டிக்கொண்டு, வழியில் கை காட்டுகிறவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு டாகோ மேட்டில் ஏற வேண்டும். ஆள் ஏற ஏற வேன் திணறும். இந்தக் கண்காட்சியிலும் யாரும் வாங்க முன்வராவிட்டால் கடையை மூடிவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

"காங் தெந்தி போனை எடுக்கலை, இபு. மசூதிக்கே போய்க் கூப்பிடலாமா?" என்றாள் ரெங்கானிஸ். தெந்தி அவளுக்குக் 'காங்', அண்ணன் முறை.

"எந்த மசூதின்னு கண்டே? பிரசங்கம் எங்க சீக்கிரம் முடியுமோ அங்க போயிருப்பான். நீயே பண்ணு, நெங்," என்றார் இபு இமாஸ். சின்னப் பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ரெங்கானிஸ் தெந்தியின் கணினி முன் உட்கார்ந்தாள். தெந்தி கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை செய்கிறவன். அவளுக்காகவே, விளையாட்டின் பழைய வடிவங்களையெல்லாம் படமாகக் காட்டும் ஒரு செயலியைப் போட்டு வைத்திருந்தான். அவள் தொட்டதே இல்லை. வரைந்ததைப் பென்டிரைவில் போட்டு அவன் மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள்.

செயலி திறந்தது. வெற்றுத் திரையில் ஒரே ஒரு பொத்தான்: 'ரெப்போவைத் திற.' ரெப்போ என்பது சேமித்ததெல்லாம் இருக்கும் கிடங்கு என்று தெந்தி எப்போதோ சொல்லியிருந்தான். அழுத்தினாள். எந்தக் கோப்புறை என்று கேட்டது. நான்கு இருந்தன: ஆங்கோட், ஆங்கோட்-புதுசு, ஆங்கோட்-இதுதான், ஆங்கோட்-இதுதான்-நிஜமா.

"நல்லவேளை, பேர் வைக்க இவனுக்கு இன்னும் குழந்தை பிறக்கலை," என்றார் இபு இமாஸ், சிரெங் என்னும் மரவள்ளி மாவு வடையைக் கடித்தபடி.

'நிஜமா'வைத் திறந்தாள். இது ரெப்போவே இல்லை என்றது செயலி. 'புதுசு'வும் இல்லை. 'இதுதான்' என்பதைத் தொட்டதும் திரை நிறைந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் கோடுகள் பிரிந்து ஓடின, வளைந்து வந்து சேர்ந்தன. கோடுகள் நெடுகப் புள்ளிகள்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! ஒரு வருஷமா இதை எங்கிட்ட மறைச்சானா?"

"அவன் எங்க மறைச்சான்? நீதான் தொறக்கலை."

ஒவ்வொரு புள்ளியும் தெந்தி ஒருநாள் சேமித்த விளையாட்டு. பக்கத்தில் அவன் எழுதிய குறிப்பு: 'சரி பண்ணியாச்சு.' 'நிஜமாவே சரி பண்ணியாச்சு.' 'பசிக்குது.' எது ஓடும், எது ஓடாது என்று ஒன்றிலும் இல்லை.

ஒரு பழைய புள்ளியை இருமுறை சொடுக்கினாள். காலையில் செய்த மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை, ஓரமாக எடுத்து வைக்கவா, தூக்கிப் போடவா என்று செயலி கேட்டது.

"தூக்கிப் போடுங்கறதைத் தொட்டுடாதே. அவன் அழுதா என்னால பாக்க முடியாது."

எடுத்து வைத்தாள். விளையாட்டு பழைய நாளுக்குப் போனது. அதில் வேனுக்குச் சக்கரமே இல்லை. அடுத்த புள்ளியில் ஓட்டுநருக்குத் தலை இல்லை. இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்கடுத்தது ஒழுங்காகத் திறந்தது. இரண்டு பயணிகளை ஏற்றிப் பார்த்தாள், வேன் போனது. அதையே மூட்டை கட்டி அனுப்பினாள். வந்துவிட்டது, நடுவர்களுக்குப் போடுகிறேன் என்று வானியா பதில் போட்டாள்.

"தள்ளு, நானும் ஓட்டறேன்," என்று இபு இமாஸ் உட்கார்ந்தார். கணக்குப் பார்க்கிறவர் ஆயிற்றே, கை காட்டிய ஒருவரையும் விடவில்லை. ஐந்தாவது ஆள் ஏறியதும் சக்கரங்கள் தரையை விட்டன. ஏழாவது ஆளோடு வேன் ஓட்டு வீடுகளுக்கு மேலே மிதந்தது.

"நெங்! நான் ஒண்ணும் பண்ணலை!"

ரெங்கானிஸ் அப்போதுதான் அந்தப் புள்ளியின் குறிப்பைப் படித்தாள்: 'எடைக்கு முன்னால கழித்தல் குறி விழுந்துடுச்சு, ஆள் ஏற ஏற வேன் லேசாகுது. சிரிச்சு முடிச்சுட்டுத் திருத்தணும்.'

"இதையா அனுப்பினேன்? போச்சு, எல்லாம் போச்சு!" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு முட்டியது. நிறுத்த முடியவில்லை. இபுவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு பேரை ஏற்றினார்.

தெந்தி தொழுகை விரிப்பைத் தோளில் போட்டபடி உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். "எதை அனுப்பினே, நிஸ்?" என்றான். அவள் சிரித்துக்கொண்டே திரையைக் காட்டினாள்.

வானியா மறுபடி அழைத்தாள். தெந்தி எடுத்தான். அவளுக்குப் பின்னால் ஒரே கூச்சல்.

"இடம் உங்களுக்குத்தான். வாசல் பக்கத்துலயே தரேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க: எத்தனை பேரை ஏத்தினா வேன் அந்த மலையைத் தாண்டும்? நடுவருங்க இங்க பந்தயம் கட்டிக்கிட்டு நிக்கறாங்க."

தெந்தி போனைக் கையால் பொத்தினான். "நிஸ், மலையைத் தாண்டுமா?"

"தாண்டட்டும், காங். ஆனா மலைக்கு அந்தப் பக்கம் நான் ஒண்ணுமே வரையலையே!"

"அப்போ வரை! சீக்கிரம்!"

ரெங்கானிஸ் பேனாவைத் தேடினாள். இபு இமாஸ் பதினோராவது ஆளை ஏற்றிக்கொண்டிருந்தார்.